வலிக்காத இடம்

திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். ஆடி மாதம் வந்தால் திசுக்கள் பாடமும் வந்துவிடும். எபிதீலியம் என்பது மூடுகிற திசு என்று ஆரம்பிப்பேன். வெளியே தோலின் மேல்பரப்பு அதுதான். உள்ளே வாய், குடல், மூச்சுக்குழாய் எல்லாவற்றுக்கும் உட்பூச்சும் அதுதான். செல்கள் சினிமா தியேட்டர் வரிசை மாதிரி இடித்துக்கொண்டு நிற்கும். ஆனால் அதற்கென்று சொந்தமாக ஒரு ரத்தக்குழாய்கூடக் கிடையாது. அடியில் இருக்கிற இணைப்புத் திசு கொடுத்தால்தான் அதற்குச் சோறு.

"மேல இருக்கிறது போனா திரும்ப வளரும். அடியில இருக்கிறதும் சேர்ந்து போச்சுன்னா தானா வளராது. எழுதிக்கோங்க, பரீட்சைக்கு வரும்" என்று வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த வரிக்கு வந்ததும் பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்கிறேன்.

எனக்கு ஒரே தங்கை. பெருமுக்கல் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். சில வருஷத்துக்கு முன் ஓர் ஆடி வெள்ளி, அவர்கள் தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாள். தெருப் பெண்கள் சேர்ந்து கோயில் வாசலில் பெரிய அண்டாவில் கேப்பை மாவும் நொய்யும் போட்டுக் காய்ச்சுவார்கள். பெரிய வேலை என்றால் என் தங்கையைத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கும் அதில் ஒரு பெருமை. அண்டாவை இறக்கும்போது எதிர்ப்பக்கம் பிடித்தவளின் கைத்துணி நழுவிவிட்டது. அண்டா இவள் பக்கம் சாய்ந்து, கழுத்துக்குக் கீழே முட்டி வரைக்கும் கொதிக்கிற கூழ் கொட்டியது. கைகளிலும் தெறித்தது.

வெந்நீராக இருந்தால் வழிந்து ஓடியிருக்கும். கூழ் அப்படியே ஒட்டிக்கொண்டு உள்ளே வேகவைக்கும். குடம் குடமாகப் பச்சைத் தண்ணீரை ஊற்றியிருக்க வேண்டும். கோயில் வாசலிலேயே குழாய் இருக்கிறது. ஊற்றவில்லை. தண்ணீர் பட்டால் கொப்புளம் கட்டும் என்று ஒருத்தி சொல்ல, அம்மனே தன் கூழை இவள் மேல் ஊற்றிக்கொண்டாள், அதைக் கழுவிக் கால் படுகிற இடத்தில் விடக் கூடாது என்று இன்னொருத்தி சொல்லியிருக்கிறாள். கூழுக்கு மேலேயே மஞ்சளை அரைத்து அப்பி, வேப்பிலையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்கள் விரோதிகளாக இருந்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்திருப்பேன். எல்லோரும் அவளிடம் உயிராக இருந்தவர்கள். அதனால் கோபம் போகிற இடம் தெரியாமல் எனக்குள்ளேயே கிடக்கிறது.

அவள் வீட்டுக்காரர் கழனியிலிருந்து ஓடிவந்துதான் வண்டி பிடித்தார். திண்டிவனத்தில் கட்டுப் போட்டு விழுப்புரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வார்டு வாசலில் நின்றிருந்தார். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"மொதல்ல ஒரே கத்தலுக்கா. பேஜாரா ஆயிடுச்சி. இப்ப நெஞ்சுல, வவுத்துல வலியே இல்லன்றா. நல்லா பேசிக்கினு இருக்கிறா. ஆத்தா கைவிடலக்கா."

நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்வது? வலியை வாங்கிக்கொள்ளுகிற நரம்பு முனைகள் பெரும்பாலும் அடியில் இருக்கிற இணைப்புத் திசுவில்தான் இருக்கின்றன. வலிக்கவில்லை என்றால் அதுவும் வெந்துவிட்டது என்று அர்த்தம். அந்த வார்டு முழுக்கச் சொந்தக்காரர்கள் வலி போய்விட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒருத்திதான் வலி இருக்கிறதா என்று தேடினேன்.

உள்ளே போய் அவளிடம், "கையில வலிக்குதா?" என்றேன்.

"கையில உயிரு போவுதுக்கா."

அப்பாடா என்று இருந்தது. கையாவது பிழைக்கும்.

"நெஞ்சுல?"

"அங்க ஒண்ணுமே தெரியலக்கா. மரத்துப்போன மாரி இருக்குது. குளுருது, அந்த ஃபேன நிறுத்தேன்."

விழுப்புரத்து வெயிலில் சுவரைத் தொட்டால் சுடுகிறது, இவள் நடுங்குகிறாள். தோல் என்பது உடம்பின் சூட்டையும் ஈரத்தையும் உள்ளேயே பிடித்துவைக்கிற கதவு, கிருமியை வெளியே நிறுத்துகிற கதவு. அவளுக்கு முன்பக்கம் கதவே இல்லை. ஃபேனை நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தேன். அவள் ஊர்க் கதையெல்லாம் பேசினாள். கூழ் வீணாகிவிட்டதே, படையலுக்கு என்ன செய்தார்களோ என்று அதற்கு வேறு கவலைப்பட்டாள்.

என் மகள் வயசில் ஒரு டாக்டர் வந்தார். முதுகிலும் கெண்டைக்காலிலும்தான் நல்ல தோல் மிச்சம் இருக்கிறது, எடுத்து வைத்தாலும் இவ்வளவு இடத்துக்குப் பற்றாது என்றார்.

"என்னுடையதை எடுத்துக்கோங்க. நான் கூடப் பிறந்தவ" என்றேன்.

அவர் கேஸ் ஷீட்டை மூடினார். "டீச்சர், உங்களுக்குத் தெரியாதது இல்ல. வச்சா கொஞ்ச நாள் மூடியிருக்கும். அப்புறம் அவங்க உடம்பே தள்ளிடும்."

தெரியும். தெரிந்துதான் கேட்டேன். ஒரே பாயில் படுத்து, ஒரே பாவாடையை மாற்றி மாற்றிக் கட்டி வளர்ந்தோம். என் தோலை யாரோ ஒருத்தியுடையது என்று அவள் உடம்பு தள்ளிவிடும் என்றால் அந்த உடம்பின் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. இதைப் பாடமாக நடத்திச் சம்பளம் வாங்குகிற என் மேலும் வந்தது.

ரத்தம் கேட்டார்கள். ரத்தமும் ஓர் இணைப்புத் திசுதான். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், தண்ணியா இருக்கிறதே மிஸ் என்பார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வகை. கொடுத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் அவளுக்கு ஒரு பை ஏற்றினார்கள். அது என்னுடையதுதான் என்று நானே முடிவு செய்துகொண்டு, இறங்கி முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

நாள் போகப் போகக் கையில் தோல் மூடிக்கொண்டு வந்தது. ரோஜா நிறத்தில் பளபளவென்று பிள்ளைத் தோல். நெஞ்சில் ஒன்றும் வரவில்லை. கடைசியில் அந்த வழியாகத்தான் கிருமி உள்ளே போனது. காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்தவள் பிறகு என்னை அடையாளம் கண்டுகொள்ளவேயில்லை.

உடம்பைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். பிரிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டு வாசலில் மஞ்சள் தண்ணீர் கரைத்துவைத்துக்கொண்டு பெண்கள் காத்திருந்தார்கள். சுமங்கலியைக் குளிப்பாட்டாமல் எப்படி அனுப்புவது என்று அழுதார்கள். பிரிக்கக் கூடாது என்று நான்தான் குறுக்கே நின்றேன். பிறந்த வீட்டுக் கோடியைக் கட்டின கட்டின் மேலேயே போர்த்தினேன். துணிக்கு வெளியே இரண்டு பாதம் மட்டும் தெரிந்தது.

உள்ளங்காலில் எபிதீலியம் அடுக்கடுக்காகத் தடித்திருக்கும். மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கிக்கொண்டு செருப்பில்லாமல் நடந்தவளுக்கு இன்னும் தடிப்பு. அங்கே ஒரு கொப்புளம்கூட இல்லை. மஞ்சளை வாங்கி நானே பூசினேன். குதிகால் வெடிப்பில் விரல் மாட்டியது. நான் கொஞ்சம் அழுத்திவிட்டேன்.

"வலிக்குதாடி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக நின்றேன்.