போனில் முட்டியைக் காட்டிய எஸ்தர்

பட்டினப்பாக்கம் லூப் ரோடு மீன் சந்தையில் எஸ்தரைத் தெரியாதவர்கள் குறைவு. வயது அறுபத்தாறு. நாற்பது வருடமாக அருவாமனைக்கு முன்னால் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து வஞ்சிரமும் கொடுவாவும் நறுக்கியவர். வலது முட்டி மக்கர் பண்ணத் தொடங்கியபோது ஐந்து மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. எழுந்திருக்கும்போது மட்டும் கூடையைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி கண்ணை மூடுவார்.

அதைக் கவனித்த மருமகள் ஏஞ்சல் விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். எக்ஸ்ரே எடுத்து, தேய்மானம் என்றார்கள். வெளியே வரும்போது மணி மூன்று. அன்றைய வியாபாரம் போச்சு. "இனிமே மாசாமாசம் அலைய வேணாம், டாக்டர் போன்லயே பாப்பாங்க" என்று நர்ஸ் சொன்னதும் எஸ்தருக்குக் கோபம்தான் வந்தது.

"போன்ல இன்னா தெரியும்? செவுளத் தூக்கிப் பாக்காம எவனாச்சும் மீனு வாங்குவானா?" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

"ஒரு தபா பேசிப் பாரு அத்தே. புடிக்கலன்னா வுட்ரலாம்" என்றாள் ஏஞ்சல்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அரிசி டப்பாவில் ஏஞ்சல் போனைச் சாய்த்து வைத்தாள். டாக்டர் ஜோயாவின் முகம் தெரிந்ததும் எஸ்தர் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். டாக்டர் நடக்கச் சொன்னார்; நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொன்னார். பிறகு, "என் கை அங்க வராதும்மா. நீங்களே முட்டியச் சுத்தி அழுத்திப் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

சதையை அழுத்தியே மீன் நேற்றையதா இன்றையதா என்று சொல்லிவிடும் விரல்கள் அவை. எஸ்தர் அவசரப்படவில்லை. "உள்பக்கம் எலும்பு ஓரமா ஒரே எடத்துல சுருக்குனு கீது. வெளிப்பக்கம் ஒண்ணுமில்ல. சூடு இல்ல. மேல மட்டும் மெத்துமெத்துனு, உள்ள தண்ணி நிக்கிற மாரி கீது."

எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "இவ்ளோ தெளிவா யாருமே சொன்னதில்லம்மா."

போனை வைத்த பிறகு, காதில் விழாதவர் போல, "டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?" என்று ஏஞ்சலிடம் இரண்டு முறை கேட்டுக்கொண்டார் எஸ்தர்.

நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பத்து எண்ணும் பயிற்சியை அவர் ஒரு நாள் விடவில்லை. காலை மடக்கக்கூடாது என்றதும் மேஜையும் ஸ்டூலும் வாங்கிப் போட்டார். ஆபீஸ் திறந்துவிட்டதாகச் சந்தை கேலி செய்தது. மூன்றாவது மாதம் சாந்தோம் கோயில் படியைக் கைப்பிடி தொடாமல் ஏறினார். கேலி நின்றது.

அடுத்த கடை கெங்கம்மாவும் அறுபதைத் தாண்டியவர். ஒரு நாள் காலையில் காலைத் தாங்கித் தாங்கி வந்தார்.

"எனக்கும் உன்ன மாரி முட்டிதான் யக்கா. உன் மாத்திரைல ரெண்டு குடு."

எஸ்தர் மாத்திரை கொடுக்கவில்லை. குனிந்து கெங்கம்மாவின் கெண்டைக்காலைத் தொட்டார். விறைப்பாக, சூடாக இருந்தது. இன்னொரு காலைவிடப் பருமன். உடனே ஆஸ்பத்திரி நம்பருக்குப் போன் போட்டார். வியாழக்கிழமைதான் நேரம் இருக்கிறது என்றது மறுமுனை.

"வியாழக்கெழம வரைக்கும் இது தாங்காதும்மா. டாக்டரம்மா ஒரு நிமிசம் பாத்துட்டா போதும்" என்றார் எஸ்தர். குரல் உயரவில்லை, ஆனால் போனை வைக்கவும் இல்லை.

டாக்டர் திரைக்கு வந்தார். எஸ்தர் கெங்கம்மாவின் இரண்டு கால்களையும் பக்கம் பக்கமாக நீட்டவைத்துக் காட்டினார். தொட்டுப் பார்த்ததைச் சொன்னார்.

"இது முட்டி இல்லம்மா. போன்ல பாக்குற விஷயமும் இல்ல. இப்பவே கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர்.

கடையை ஏஞ்சலிடம் விட்டுவிட்டு எஸ்தரே ஆட்டோவில் அழைத்துப் போனார். காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் அது நுரையீரலுக்குப் போயிருக்கலாம் என்றார்கள். ஒரு வாரத்தில் கெங்கம்மா நடந்தே வீடு திரும்பினார்.

இப்போது சந்தையில் ஒன்பது பெண்கள் இடுப்பையும் தோளையும் முட்டியையும் போனில் காட்டுகிறார்கள். முதல் தடவை பேசுகிறவர்களுக்கு எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தைரியம். எதைப் போனில் காட்டலாம், எதற்கு நேரில் ஓட வேண்டும் என்பதை அவர் பிரித்துச் சொல்லிவிடுகிறார்.

கெங்கம்மாவோ மீன் வாங்க வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "இவங்கதான் என்னப் பொழைக்க வச்சவங்க" என்கிறார். எஸ்தர் தலை நிமிராமல் செதில் சுரண்டிக்கொண்டிருப்பார். ஆனால் ஒரு நாளும் கெங்கம்மாவைச் சும்மா இரு என்று சொன்னதில்லை.