மழை நிற்க நாங்கள் இருந்த உபவாசம்

நேந்திரம்பழம் எண்ணெயில் பொரியும் மணம் மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்கு நாவூறும்; எனக்கு இந்த வயதிலும் முதலில் ஒரு சுவர் விழும் சத்தம் கேட்கும், அப்புறம்தான் பசிக்கும். எழுபதுகளின் கடைசியில் நாங்கள் மட்டாஞ்சேரியில் குடியிருந்தபோது பெய்த ஒரு "இடவப்பாதி" மழைதான் காரணம். பள்ளி திறந்ததும் கொட்டும் பருவமழைக்கு அங்கே அதுதான் பெயர்.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மிளகுக் கிடங்கு வேலைக்கு வந்தவர். அவருடைய அக்கா எஸ்தர் அத்தையும் எங்களோடு இருந்தாள். உலகத்தில் எந்தத் துன்பம் வந்தாலும் அத்தையிடம் காரணம் தயாராக இருக்கும். அது எப்போதும் யாராவது ஒருவருடைய பாவமாகத்தான் இருக்கும். பால் திரிந்தால், அம்மா காலை ஜெபத்தில் கண்ணயர்ந்திருப்பாள்; எனக்குக் காய்ச்சல் வந்தால், நான் ஞாயிற்றுக்கிழமை பாண்டி ஆடியிருப்பேன். பைபிளில் ஒருவன் செய்த குற்றத்துக்காகக் கடலே கொந்தளித்ததையும், கப்பலில் இருந்தவர்கள் சீட்டுப் போட்டு அவன் யோனாதான் என்று கண்டுபிடித்ததையும் அத்தை சொல்லாத வாரம் கிடையாது.

அந்த வருஷம் ஒன்பது நாள் விடாமல் பெய்து, சந்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மழை நிற்க உபவாச ஜெபம் என்று அத்தை அறிவித்தாள்: விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. பக்கத்து வீட்டு திரேசியா சேச்சி கத்தோலிக்கர், எங்கள் சபைக்காரர் இல்லை. கணவரை இழந்து, மண்சுவர் வீட்டில் இரண்டு கோழிகளோடு தனியாக இருந்தார். "மழ நின்னா எனிக்கும் நல்லதல்லே" என்று அவரும் சேர்ந்துகொண்டார்.

மத்தியானம் நான் நோட்டு வாங்குவதற்காகச் சுள்ளிக்கலில் இருந்த பள்ளித் தோழி வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா அப்போதுதான் நேந்திரம்பழத்தில் "பழம்பொரி" போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு தின்றேன். உண்மையைச் சொல்வதானால் மூன்று. வாயைத் துடைத்துக்கொண்டு நான் வீட்டு வாசலில் கால் வைப்பதற்கும் திரேசியா சேச்சியின் தெற்குச் சுவர் தொப்பென்று விழுவதற்கும் சரியாக இருந்தது.

சேச்சிக்கு அடிபடவில்லை. கோழிகளை இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தச் சுவரைத் தள்ளியது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"இந்தக் கப்பல்ல ஒரு யோனா இருக்கான். சீட்டுப் போடாம விடமாட்டேன்" என்றாள் அத்தை, சாயங்காலம் அப்பா கிடங்கிலிருந்து வந்ததும். அப்பா, அம்மா, அத்தை, நான் என்று நாலு பேர் பெயரையும் துண்டுக் காகிதங்களில் எழுதி, டபராவில் குலுக்கி, நாலு வயதுத் தம்பியை எடுக்கச் சொன்னாள். என் பெயர் வந்துவிட்டால் சேச்சி இனிமேல் என்னை மகளைப் போல "மோளே" என்று கூப்பிடுவாரா என்பதுதான் என் கவலை. கர்த்தரைப் பற்றி நினைக்க அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அப்பா பிரித்துப் படித்தார். "எஸ்தர்."

அத்தையின் முகம் சுண்டிப்போயிற்று. "தலவலி மண்டையப் பொளந்துச்சு... பால்கூட விடாம, ஒரே ஒரு மடக்கு கட்டஞ்சாயாதான் குடிச்சேன்" என்றாள். அவளே வாயைத் திறந்ததும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்துவிட்டது. கிடங்கில் ஒருவர் அன்போடு நீட்டிய பருப்புவடையை மறுக்க முடியவில்லை என்றார் அப்பா. அம்மா ராத்திரிக் கஞ்சிக்கு உப்புப் பார்த்திருக்கிறாள், மூன்று அகப்பை. நானும் அழுதுகொண்டே பழம்பொரியைச் சொன்னேன், இரண்டு என்று.

திரேசியா சேச்சி எங்களை மாறி மாறிப் பார்த்தார். "நிங்ஙள் எல்லாரும் தின்னல்லோ. ஞானல்லே ஒண்ணும் தின்னாதிருந்தது" என்றார், கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில். "பின்னே, எஸ்தர் சேச்சீ, என்டெ சுவரு எந்தினா விழுந்தது?"

தின்றவர்களின் சுவரெல்லாம் குத்துக்கல்லாக நிற்க, பட்டினி கிடந்தவரின் சுவர் ஏன் விழுந்தது என்பதற்கு அத்தையிடம் வசனம் இல்லை. அவள் எழுந்து அடுக்களைக்குப் போய், கஞ்சியும் கப்பைக்கிழங்கும் கொண்டுவந்து சேச்சியின் முன்னால் வைத்தாள். விளக்கு வைக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. "சாப்பிடுங்க" என்றாள். ஓணம் வரை சேச்சி எங்கள் வீட்டில்தான் இருந்தார். மழை யாரையும் கேட்காமல் மூன்றாம் நாள் நின்றது.

இன்று அந்தச் சந்தில் எங்கள் வீடும் இல்லை, சேச்சியின் வீடும் இல்லை; இரண்டு மனையையும் சேர்த்து வெளியூர்க்காரர்கள் தங்க விடுதி கட்டியிருக்கிறார்கள். அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டாள். சில வருஷங்களுக்கு முன் ஆலுவாப் பக்கம் வெள்ளம் புகுந்தபோது, உறவினர்கள் கைபேசியில் செய்தி மேல் செய்தியாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள், அது யாருடைய பாவத்துக்குக் கர்த்தர் கொடுத்த தண்டனை என்று. சினிமாக்காரர்கள் என்றார் ஒருவர். வேறு மதத்தார் என்றார் இன்னொருவர். எனக்கு மனம் கசந்துபோயிற்று. ஆனாலும் ஒவ்வொன்றையும் கடைசி வரி வரை தேடித் தேடிப் படித்தேன். பாவம் செய்தது யார் என்பதற்கு அனுப்பியவர்களில் ஒருவர்கூடத் தன் பெயரைச் சொல்லவில்லை.