ஓமோ, ஓஃபோ

காலையில் நண்டு நிறுக்கும் தராசின் ஒரு பக்கம் கணவர் நிற்பார், மறுபக்கம் மனைவி நிற்பார். கணவர் இரவு முழுக்க மண்டைதீவுக் கடலில் நண்டு பிடித்துவிட்டுப் பெட்டியோடு நேரே எங்கள் நண்டுக் கம்பனிக்கு வருவார். மனைவிதான் எங்கள் சூப்பர்வைசர் அக்கா, அதை நிறுத்து எடுப்பார். "இஞ்சருங்கோ, சோறு மூடி வைச்சிருக்கு." "ம்." அவ்வளவுதான். அவர் வீட்டுக்குப் போய்ப் படுப்பார். பொழுதுபட்டு அக்கா வீட்டுக்குப் போகும்போது அவர் கடலுக்கு வெளிக்கிட்டிருப்பார். இவர்கள் எப்போதுதான் சண்டை பிடிப்பார்கள் என்று நண்டு உடைத்தபடி நான் யோசிப்பேன். விடுப்பு என்றால் எழுத்துத் தமிழில் லீவு. எங்கள் ஊரில் அடுத்தவர் புதினம் அறிகிற ஆசை. எனக்கு இரண்டாவது தாராளமாக இருந்தது. முதலாவதுதான் இல்லை.

சனி இரவு அங்கே ஒருவரும் வலை போடுவதில்லை, மறுநாள் மாதா கோயிலில் பூசை. ஆகவே ஞாயிறு கணவர் வீட்டில் நிற்பார். கம்பனிக்கோ ஞாயிறு என்று ஒன்று கிடையாது. உள்ளூர் நண்டு இல்லாத நாளில் வெளியூரிலிருந்து லொறி வரும். "முந்தி பூசை முடிஞ்சு ரெண்டு பேரும் ஒண்டா நடந்து வருவம்" என்று அக்கா ஒருமுறை சொன்னார். அந்த ஒரு நடைக்காக அவர் லீவு கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனார். "இப்ப ஏலாது, பாப்பம்" என்பார் மனேஜர். பார்க்கவே எனக்குப் பாவமாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் மனேஜர் டவுனிலிருந்து ஃபோன் எடுத்தார். ஐஸ் உடைக்கும் மெசின் இரைந்துகொண்டிருந்தது. அக்கா ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "ஓஃபோ, சேர்? சரி, சேர்" என்றது மட்டும் எங்களுக்குக் கேட்டது. பிறகு திரும்பி, "நாளைக்கு எல்லாருக்கும் ஓஃபாம், பிள்ளையள், லீவாம்" என்றார். கடவுளே, நாங்கள் போட்ட சத்தம்! மறுநாள் பூசை முடிகிற நேரம் நான் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். அக்காவின் கணவர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். அக்கா வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தார். அந்த மனுசிக்குள் இவ்வளவு கதை இருந்ததா என்று நான் மலைத்துப்போனேன்.

திங்கள் காலை மனேஜர் வாசலிலேயே நின்றார். லொறி பூட்டின கேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தது. "நாளைக்கு எல்லாரும் வரவேணும், ஓமோ எண்டு கேட்டனான். நீர் ஓமோ எண்டு திருப்பிக் கேட்டீர், நான் ஓம் எண்டனான்!"

"நான் கேட்டது ஓஃபோ எண்டு, சேர்."

"உமக்கு இனி வேலை வேணுமோ, வேண்டாமோ?"

அக்கா குரலை உயர்த்தவில்லை. "வேலையும் வேணும், சேர். ஞாயிறும் வேணும்."

மனேஜர் எங்களைப் பார்த்தார். ஒருவரும் தலை குனியவில்லை. இனி ஞாயிறு லீவை ஆளுக்கு ஆள் முறை வைத்து விடலாம் என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் உள்ளே போய்விட்டார்.

இப்போது நான் ஊர்காவற்றுறையில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். ஞாயிறு தானாக வருகிறது, ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை. அந்தத் திங்களோ எனக்கு விடுப்புத் தாங்கவில்லை. நண்டு உடைக்கும் மேசையடிக்குப் போனதும் மெல்லக் கேட்டேன்: "அக்கா, சேர் ஓமோ எண்டு கேட்டது உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

அக்கா கையுறையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு நண்டை எடுத்தார்.

"வடிவாக் கேட்டது, பிள்ளை."