வாசலில் இரண்டு சோடி பூட்ஸ்

போன மாதம் ஒரு செவ்வாய். விடிய ஐந்தே முக்காலுக்குப் போன் அதிர்ந்தது. 'பஸ்கள் ரத்து. பள்ளிகள் திறந்திருக்கும்.'

ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவளுக்கு இதைவிட இனிமையான வரி உலகத்தில் உண்டா? தேத்தண்ணியோடு மறுபடி போர்வைக்குள் புகுந்தேன். ஏழு மணிக்கு எட்டிப் பார்த்தால் வெளியே ஸ்ரௌவ்வில் ஊரே இல்லை. எதிர்வீடு இல்லை. வெள்ளை மட்டும்... அதுவும் நகர்ந்துகொண்டிருக்கிற வெள்ளை.

அப்போதுதான் ஆரணியின் ஞாபகம் வந்தது.

என் ரூட்டில் கடைசி ஸ்டொப். எட்டு வயது. தகப்பனுக்கு வடக்கே ஒரு காளான் பண்ணையில் வேலை. வயல்களுக்கு நடுவே வாடகை வீடு. முல்லைத்தீவிலிருந்து வந்து இதுதான் முதல் பனி. பஸ் ரத்தானால் என்ன செய்வது என்ற தாளைச் செப்டம்பரில் தாய் சுகந்தியிடம் கொடுத்ததே நான்தான். முழுக்க இங்கிலிஷ். மறுநாளே கையெழுத்துப் போட்டுத் தந்தாள். வாசித்தீரா என்று நான் கேட்கவில்லை.

தகப்பனுக்குப் போன் அடித்தேன் — எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போன் லொக்கருக்குள். சுகந்திக்கு வட்ஸப் அனுப்பினேன். ஒற்றை டிக். வீட்டு வைஃபையை விட்டு வெளியே வந்தால்தான் அவளுக்குச் செய்தி போகாமல் ஒற்றை டிக்கோடு நிற்கும்.

"உமக்கென்ன விசரே?" என்றார் என் மனுசன். "பஸ்ஸையே நிப்பாட்டிப்போட்டாங்கள். நீர் வானைக் கொண்டு எங்க போறீர்?"

"தாளைக் குடுத்தது நான்தானே."

அவர் பனி அள்ளுகிற சொவலை எடுத்து வான் வண்டிக்குள் போட்டுவிட்டார்.

மைனஸ் இருபத்திரண்டு. வயல்வெளிக்கு வந்ததும் ரோட்டும் இல்லை, வானமும் இல்லை. மின்கம்பங்கள் ஒவ்வொன்றாய் வந்து முகத்தைக் காட்டிவிட்டு மறைந்தன. ஆட்களைப்போல. தினமும் போகிற ரோட்டு அது. அன்று அதற்கு என்னைத் தெரியவில்லை.

ஸ்டொப்பில் யாரும் இல்லை. தபால்பெட்டியடியில் பனி மிதிபட்டுக் கிடந்தது — கால் விறைத்து மாறி மாறி மிதித்திருக்கிறார்கள். அங்கிருந்து இரண்டு வரிசைக் காலடிகள். ஒன்று பெரிசு, ஒன்று சின்னன். வீட்டுப் பக்கம் போகவில்லை. ரோட்டோரமாய் எதிர்ப் பக்கம் போயின.

பள்ளிக்கூடம் எட்டுக் கிலோமீற்றர்.

பின்னால் போனேன். இரண்டு கம்பம் தாண்டியதும் காலடிகள் அழிந்துவிட்டன. கண்ணாடியை இறக்கி "ஆரணி!" என்று கத்தினேன். காற்று அந்தப் பெயரை என் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது.

அந்த ரோட்டில் பழைய கல் கட்டிடம் ஒன்று உண்டு. ஒரே அறை. ஒரு காலத்தில் ஊர்ப் பள்ளிக்கூடம். இப்போது யாரோ குடியிருக்கிற வீடு. கதவுக்கு மேலே கல்லில் 'ஸ்கூல்' என்று வெட்டிய எழுத்து மட்டும் மிச்சம். அதைத் தாண்டப் போகும்போது கண்டேன்.

மூடிய கதவுக்கு வெளியே இரண்டு சோடி பூட்ஸ். ஒன்று பெரிசு. மற்றது ஊதா நிறம், சின்னன். இரண்டுக்குள்ளும் பனி நிறைந்துகொண்டிருந்தது.

என் கால் பிரேக்கிலேயே உறைந்துவிட்டது. ஆளில்லாத பூட்ஸ்... இந்தக் குளிரில்?

பிறகுதான் மண்டைக்குள் ஏறியது. இந்தக் குளிரிலும் சப்பாத்தைக் கதவுக்கு வெளியே கழற்றிவிட்டு உள்ளே போக எங்கள் சனத்தால் மட்டும்தான் முடியும்!

கதவைத் திறந்தவர் எண்பது தாண்டிய வெள்ளைக்காரர். உள்ளே விறகடுப்பு எரிந்தது. அடுப்படியில் சுகந்தி. அவருடைய கம்பளிக் காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டபடி ஆரணி. முதுகில் ஸ்கூல் பை. கழற்ற மாட்டாளாம், வகுப்பு இன்னும் தொடங்கவில்லையாம்.

"என்ன வேலை பாத்தனீர் சுகந்தி!"

"பஸ் வரேல்லை அக்கா. பள்ளிக்கூடத்தைச் சும்மா விடலாமே? எங்கட காலத்தில கிபிர் குண்டு போட வந்தால்தான் மூடுவினம். மழைக்கெல்லாம் ஆர் மூடினது?" கொஞ்சம் நிறுத்தி, "இங்காலப் பக்கம் மணியும் கேட்டது. வந்து பாத்தால் கல்லில ஸ்கூல் எண்டு எழுதியும் கிடக்கு."

கிழவர் அதே அறையில் எட்டாம் வகுப்புவரை படித்தவர். அந்த நாளில் பனிக்கு மூடுவதில்லையாம். ரீச்சர் முதல் ஆளாய் வந்து அடுப்பை மூட்டுவாராம். நடந்து வருகிற பிள்ளைகள் திசை தவறாமல் இருக்க, புயல் நாட்களில் மணியை விடாமல் அடிப்பார்களாம். பிறகு ரேடியோவில் அறிவித்தார்கள், இப்போது போன் அப்பில் வருகிறது. ஈமெயில், அப், வெப்சைட் — மூன்று வழியால் செய்தி போகிறது. ரோட்டோரம் நிற்கிற பிள்ளைக்கு மட்டும் போகவில்லை.

"அதுதான் இன்றைக்கும் மணியடித்தீர்களா? நல்லகாலம்" என்றேன்.

கிழவர் என்னை விளங்காமல் பார்த்தார். பள்ளிக்கூடத்தை மூடிய வருசமே மணியை விற்றுவிட்டார்களாம். கூரையில் மணி தொங்கிய வெறும் சட்டம்தான் இருக்கிறது.

நான் சுகந்திக்குச் சொன்னேன். அவள் ஆரணியைப் பார்த்தாள். ஆரணி அண்ணாந்து, கூரையைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

கிழவர் சிரிக்கவில்லை. அடுப்புக்குள் இன்னொரு கட்டையை வைத்துவிட்டு, எவ்வளவு நேரம் கேட்டது என்று பிள்ளையிடம் மெதுவாய் விசாரித்தார்.

காற்றாய் இருக்கலாம். சட்டத்தில் ஏதாவது தகரம் ஆடியிருக்கலாம். நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறேன்.

அந்தத் தாளைத் தமிழில் எழுதிக் கொண்டுபோய்ச் சுகந்தியிடம் கொடுத்தேன். இந்த முறை முன்னால் இருந்து வாசிக்க வைத்தேன்.

போன கிழமை மறுபடி புயல். ஐந்தே முக்காலுக்குப் போன் அதிர்ந்த கையோடு அவளுக்கு அடித்தேன்.

"சுகந்தி, இண்டைக்குப் பஸ் இல்லை."

"தெரியும் அக்கா. ஆரணியை நித்திரையால எழுப்பேல்லை."

"ஆ... அப் போட்டிட்டீரே?"

"இல்லை அக்கா. அஞ்சரையில இருந்து மணி அடிக்குது."

செய்தி எனக்கு வந்தது ஐந்தே முக்காலுக்கு.