சுடலையம்மாள் அக்காவின் கறுப்பு வெள்ளை முகம்

சுடலையம்மாள் அக்கா ராஜபாளையத்தில் என்னோடு ஒரே கம்பெனியில் பேண்டேஜ் துணி மடிக்கிறாள். இருபத்தாறு வருசம் ஆச்சு. தேசத்தில் யாருக்கு எங்கே மண்டை உடைந்தாலும் அக்கா மடித்த துணி போய் நிற்கும். புருசன் சீக்கிரமே போய்விட்டார். மகள் வெங்கடேஸ்வரியைக் காலேஜ் வரைக்கும் படிக்கவைத்தது இந்த மடிப்புதான். இத்தனை வருசத்தில் அக்காவை யாரும் படம் எடுத்ததில்லை, ஆதார் கார்டுக்காரரைத் தவிர. அதில் இருப்பது யார் என்று அக்காவுக்கே தெரியாது.

தை மாசம் பேராசிரியர் ராஜரத்தினம் சார் பெரிய கேமராவோடு எங்கள் கம்பெனிக்கு வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். ஏழை மக்களுக்காகவே மூச்சு விடுகிறவர். ஏழை யாராவது குறுக்கே பேசினால் மட்டும் மூச்சு முட்டும். அக்காவை எழுபது படம் எடுத்தார். அந்த நேரம் பார்த்து அவள் கண்ணில் பஞ்சு விழுந்துவிட்டது. தலையெல்லாம் தூசியும் கண்ணில் நீருமாக அவள் நின்ற ஒரு படத்தைப் பார்த்து, "ஆகா!" என்றார் சார்.

மாசியில் போஸ்டர் வந்தது. பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் அக்கா முகம். கறுப்பு வெள்ளை. சுற்றிக் கறுப்புக் கட்டம். 'உழைப்பின் முகம், புகைப்படக் கண்காட்சி' என்பது எறும்பு மாதிரிப் பொடி எழுத்தில். தொடங்குகிற தேதியும் முடிகிற தேதியும் மட்டும் கொட்டை எழுத்தில். எங்கள் ஊரில் செத்தவர்களுக்குத்தான் இப்படி ரெண்டு தேதி போட்டு ஒட்டுவார்கள்.

அன்றைக்கே அக்காவின் சித்தப்பா மகன் மாலையோடு ஓடிவந்தான். வாசலில் அக்காவே நின்று, "யாருக்குலே மாலை?" என்று கேட்டதும் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். சிரித்தோம். சிரிப்பு சாயங்காலம் வரைதான்.

வெங்கடேஸ்வரிக்குத் தேவதானத்தில் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை பாண்டிதுரை பட்டாளத்தில் இருக்கிறார். லீவு முடிய ஒரு வாரம். ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். மாப்பிள்ளையின் அம்மா செல்வலட்சுமி சேலை எடுக்க ராஜபாளையம் வந்தவர், சுவரைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பிவிட்டார். அக்கா போன் போட்டாள்.

"மதினி, நான் உசுரோடதான் இருக்கேன்."

"பேசுதீகளே, தெரியாதா? உசுரோட இருக்கிறவளுக்கு இழவு போஸ்டர் ஒட்டினா அது நல்லாவா இருக்கு? சொந்தக்காரவுக அம்புட்டுப் பேரும் கேக்காக. அது சுவத்தை விட்டு இறங்கட்டும், பொறவு பூ வைப்போம். இல்லேன்னா அடுத்த லீவுக்குப் பாப்போம்."

அடுத்த லீவு என்றால் ஒரு வருசம்.

வெள்ளிக்கிழமை வேலை விட்டதும் நானும் அக்காவும் கண்காட்சி நடக்கிற ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். கல்யாண மண்டபம் முழுக்கக் கண்ணாடிச் சட்டத்துக்குள் எங்கள் ஆட்கள். மேடையில் சார், ஜெர்மனி நாட்டு மார்க்சியத் தத்துவஞானி ஒருவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். பேர் என் வாயில் நிற்கவில்லை. கர்த்தர் அவரை இளைப்பாறப் பண்ணுவாராக. ஆனால் அந்த ஜெர்மனிக்காரர் சொன்னது புரிந்தது. வறுமையைக்கூட அழகாகப் படம் பிடித்து, பார்க்கிறவனை 'ஆகா' என்று சொல்ல வைத்துவிடலாம். அதனால் ஒன்றும் மாறாது. வேடிக்கை பார்க்கிற சனமே அதில் கை வைக்க வேண்டும், அப்போதுதான் கலையும் அரசியலும் ஒன்றுக்கொன்று உதவும். அக்கா எல்லாருக்கும் முந்திக் கை தட்டினாள். எங்கோ பிறந்து எப்போதோ செத்தவர், தனக்காக இப்படி வக்காலத்து வாங்குவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

பிறகு தன் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். அடையாள அட்டை மாட்டிய ஒருவர், "அம்மா, கொஞ்சம் தள்ளுங்க. படத்தை மறைக்கிறீங்க" என்றார்.

தள்ளிப்போய் சாரைப் பிடித்தாள்.

"சார், அந்தப் பெரியவர் சொன்னபடி போஸ்டரை எடுத்திருங்க. மக கல்யாணம் நிக்கு."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, அவர் சொன்னது கோட்பாடு."

"கலர்லயாவது போடுங்க சார்."

"கலர்ல உங்க வலி தெரியாதும்மா."

"எனக்கு வலிக்கலையே சார். கண்ணுல பஞ்சு."

சார் அதையும் குறித்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அக்கா ஒரு வாளித் தண்ணீரும் கழிவுத் துணியுமாக என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "ஏட்டி இன்பம், அந்தப் பெரியவர் கை வைக்கத்தானே சொன்னாரு? வா."

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஈரத் துணியை அப்பி, ஊறவிட்டு, புண்ணிலிருந்து கட்டுப் பிரிக்கிற மாதிரி மெதுவாக உரித்தோம். எட்டாவது போஸ்டரை உரிக்கும்போது தேவதானம் பஸ்ஸிலிருந்து செல்வலட்சுமி இறங்கினார். போஸ்டர் சுவரை விட்டு இறங்கிவிட்டதா, இல்லையா என்று பார்க்க வந்திருக்கிறார்.

"என்ன மதினி, உங்க மூஞ்சியை நீங்களே கிழிக்கீக?"

"வேற யாரு கிழிப்பா மதினி?"

 செல்வலட்சுமி பையை என் கையில் கொடுத்து, முந்தானையை இழுத்துச் செருகி, சுவரில் மிஞ்சிக் கிடந்த தாடையை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார்.

"இன்னும் எத்தனை?"

"பதினொண்ணு."

"சேலைக் கடை பத்து மணிக்குத்தான் தொறப்பான். வெரசாச் சுரண்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை பூ வைத்தாகிவிட்டது. போட்டோக்காரரிடம் அக்கா மூணு தடவை கேட்டாள், "கலர்தானே?"

அடுத்த வாரம் சார் ஒரு பத்திரிகையில் எழுதியிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் எழுத்துக்கூட்டி நான்தான் வாசித்துக் காட்டினேன். உழைப்பாளியின் முகத்தைச் சகிக்கமுடியாத ஆதிக்க சக்திகள், இரவோடு இரவாகப் போஸ்டர்களைக் கிழித்தெறிந்தனவாம்.

அக்கா டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "ராத்திரியா? நம்ம காலையிலதானே கிழிச்சோம்?"