சிவப்புக் கயிற்றுக் கட்டு

மாசி மாதத்து ஞாயிறு. ராமாத்தாளும் கல்லூரியில் புள்ளியியல் சொல்லித்தரும் மகன் மருதாசலமும் கொட்டகைக் கணக்கு அட்டைகளைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு கோழிக் கொட்டகை. கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம், வாரத்துக்கு ஒன்று: முட்டை, தீவனம், உச்சிவேளை வெப்பம். ஐந்தாவது வரை படித்தவள், எழுபத்தொன்றில் நாற்பது கோழியோடு தொடங்கிய நாளிலிருந்து எழுதி வந்தாள். கறையான் தின்றது போக, கொட்டகைக்கு இருபது வாரம்தான் தேறியது.

மெல்லிய கட்டுக்குச் சிவப்புக் கயிறு, தடித்த கட்டுக்குப் பச்சை. கொட்டகை எண்கள் முன்பின்னாகக் கிடக்கவே, கலைந்துவிட்டதென்று மருதாசலம் இரண்டையும் அவிழ்த்து ஒன்று முதல் பன்னிரண்டு வரை அடுக்கினான்.

“ஏஞ்சாமி, அவுத்துப்போட்டியா?”

“வரிசையில்லாமக் கெடந்துதும்மா.”

“புள்ளியியல் வாத்தியார் அடுக்குனா சரியாத்தான் இருக்கும்.” சிரித்துக்கொண்டே கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள். வியாழனன்று நெஞ்சு வலித்தது. வெள்ளியன்று அவள் இல்லை.

காரியம் முடிந்ததும் அக்கா வசந்தாமணி பேச்செடுத்தாள். போன சித்திரை வெயிலில் முட்டையும் போய்க் கோழியும் செத்தது. இந்த முறை முன்கூட்டியே எல்லாவற்றையும் விற்றுப் பண்ணையைப் பூட்டிவிடலாம் என்றாள். எந்தக் கொட்டகை வெயில் தாங்கும் என்று அவன் சொன்னால் அதை மட்டும் வைத்துக்கொள்வாளாம்.

மருதாசலம் கால்குலேட்டரோடு உட்கார்ந்தான். வெப்பத்துக்கு முட்டை எவ்வளவு குறைகிறது என்று கொட்டகைவாரியாகப் பார்த்தான். பன்னிரண்டு விடை வந்தது. ஒன்றையும் நம்ப முடியவில்லை. அத்தனை கேள்விக்கு அட்டை போதாது. ஒரே மாதிரி நடக்கும் இரண்டு கொட்டகைகளை ஒன்றாக்கி மறுபடி கணக்கிட்டான். கணக்குக்கும் அட்டைக்கும் இடையிலான பிழை ஏறவில்லை. இன்னொன்றைச் சேர்த்தான். மூன்று நாளில் பன்னிரண்டும் இரண்டு கூட்டமாயிற்று. அந்த இரண்டையும் சேர்த்தபோதுதான் பிழை குபீரென்று ஏறியது. ஒரு கூட்டம் வெயிலைச் சட்டை செய்யவில்லை; மற்றது ஒவ்வொரு டிகிரிக்கும் முட்டையை இழந்தது. இழந்தவை இரண்டு, ஐந்து, ஆறு, ஒன்பது, பதினொன்று.

கொட்டகை எண்கள் எழுப்பின வரிசை, நின்ற இடமல்ல. நாலு மணிக்குப் போய்ப் பார்த்தான். அந்த ஐந்து கொட்டகைகளின் கம்பிவலையில் மட்டும் மேற்கு வெயில் நேராக அறைந்தது. மற்றவற்றுக்கு வேப்பமர நிழல்.

அந்த ஐந்து கொட்டகைகளின் அட்டைகளையும் சேர்த்துச் சிவப்புக் கயிற்றால் கட்டினான். அம்மா கட்டியிருந்த அதே மெல்லிய கட்டு.

வசந்தாமணி கட்டை எடுத்துப் புரட்டினாள். “அஞ்சுக்குத்தானே? மேக்கால ஈரச்சாக்குக் கட்டுனாப் போதுமே. ஒண்ணையும் விக்க வேண்டாம்.”

பிறகு நினைவு வந்து சொன்னாள். ஆட்டையாம்பட்டிச் சாக்குக் கடையில் கொட்டகைக்குப் பன்னிரண்டாக அறுபது சாக்கு எடுத்துவைக்கச் சொல்லியிருந்தாளாம் அம்மா. வெள்ளிக்கிழமை வாரேன் என்றாளாம்.