அந்தோனியார் பேரில் ஒரு வாய்க்கால் மூடி

சந்துபோன்ற எங்கள் ஒழுங்கையில் வாய்க்காலை மூடிக் கிடந்த இரும்பு மூடி ஊரை விட்டுப் போனது ஒரு பெரிய வெள்ளிக்கிழமை. யாழ்ப்பாணத்துக் குருநகர் முழுக்கச் சிலுவைப் பாதைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, இரண்டு பேர் அலவாங்கு போட்டு நெம்பினால்தான் அசையும் அந்த மூடி, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டது. பழைய இரும்புக்குத்தான் போயிருக்கும் என்றார்கள். எடுத்தவன் உபவாசம் இருந்துகொண்டே தூக்கியிருந்தால் அவன் பலசாலிதான் என்றாள் அம்மா.

வாய்க்கால் ஒழுங்கையைக் குறுக்கே கடக்கிற இடத்தில் இப்போது ஒரு சதுரக் குழி. ஐஸ் லொறி மீன்பிடித் துறைக்குப் போக அதுதான் ஒரே வழி. அச்சுவேலியிலிருந்து ஐஸ் கொண்டுவரும் கனகலிங்கம், லொறியை ஒழுங்கை வாசலிலேயே நிறுத்திவிட்டு, தன் வேலை முடிந்தது என்று தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். பெண்கள் ஐஸ் கட்டிகளைச் சாக்கில் சுற்றித் துறைவரை இழுத்துப் போனார்கள். போய்ச் சேரும்போது பாதி ஐஸ், பாதி தண்ணீர். இன்னொரு இரும்பு மூடிக்கு மாநகரசபைக்கு எழுதிப் போட்டார்கள். அதுவும் அடுத்த பெரிய வெள்ளிவரைதானே இருக்கும் என்று ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

அவசரப்பட்டவர் எமில்ராஜ் மாமா ஒருவர்தான். பக்கத்து வளவில் பைபர் வள்ளம் செய்கிறவர். மரத்தால் செய்த அச்சில் கண்ணாடி நார்ப் பாயை விரித்து, றெசின் பூசி, மேலே இன்னொரு பாய், இன்னொரு பூச்சு என்று அடுக்கி இறுகவிட்டால் வள்ளம். அந்த றெசின் மணத்துக்குள்ளேயே நான் வளர்ந்தேன். நாடு நாடாகச் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பி வந்து, வீட்டில் இருப்புக்கொள்ளாமல், பொழுது போக்க அவருடைய கொட்டிலுக்குத்தான் போவேன். அவருக்கும் பொழுது போக்க வேண்டியிருந்தது. கொட்டிலில் வேலை இல்லை.

காரணம் என் பெரியம்மாவின் மகன் ஜெரிசன். அவன் மாமாவிடம் வாங்கிய வள்ளம், முந்திய வருடம் மண்டைதீவுப் பக்கம் அடிப்பாகம் பிளந்து, அவன் தண்ணீரை இறைத்து இறைத்துக் கரை சேர்ந்தான். மாமா றெசினில் கஞ்சத்தனம் பிடித்தார் என்று அவன் துறை முழுக்கச் சொன்னான். அவன் கண்ணைத் திறந்துகொண்டு கல்லில் ஏற்றினான் என்று மாமா கோயில் முழுக்கச் சொன்னார். இருவரும் பேச்சை விட்டார்கள். அதிலிருந்து மாமாவிடம் வள்ளம் கேட்டு ஒருவரும் வரவில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: எமிலின் கை சுத்தம் என்று துறை மறுபடியும் நம்ப வேண்டும்.

எனவே குழியை அளந்தார். பைபரில் மூடி செய்தால் பழைய இரும்புக்காரன் திரும்பியும் பார்க்கமாட்டான், உப்புக் காற்றில் துருவும் பிடிக்காது, லொறி தினமும் ஏறி இறங்குவதைத் துறையே பார்க்கும் என்பது அவர் கணக்கு. இதைச் சொல்லும்போது அடக்கம் என்பது மருந்துக்கும் இல்லை. தன்னைப்போல் பைபர் வார்க்கத் தெற்காசியாவிலேயே ஆளில்லை என்றார். நான் கொஞ்சம் சுற்றி வந்தவள் என்பதால் என்னிடம் உறுதிப்படுத்தவும் கேட்டார். ஓமென்று சொல்லிவைத்தேன்.

வேலை நன்றாகத்தான் நடந்தது. மூடியின் அடியில் குறுக்கும் நெடுக்குமாக விலா எலும்புபோலச் சட்டங்கள் வைத்தார். சட்டங்களுக்கு இடையே, கலந்து ஊற்றினால் பொங்கி இறுகும் மஞ்சள் நுரையை நிரப்பி, அதற்கும் மேலே பாய் விரித்து மூடினார். வள்ளத்தின் வெற்றிடங்களில் ஊற்றுகிற அதே நுரை. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் தன்னையே கேட்டிருக்கமாட்டார். கை முப்பது வருடமாகச் செய்ததைச் செய்தது.

கடைசியில், எந்த வள்ளத்துக்கும் செய்வதுபோல, நீல நிறம் பூசி, வெள்ளையில் பெரிதாக எழுதினார்: புனித அந்தோனியார்.

மூடியைக் குழியில் பொருத்திய காலை, ஒழுங்கை முழுக்கக் கூடியது. முதலில் ஒருத்தி வந்தாள், எழுத்தைப் பார்த்தாள், சுவரோடு ஒட்டிச் சுற்றிப்போனாள். அடுத்தவள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓரத்தால் போனாள். மூன்றாவது ஆள் சைக்கிளை விட்டிறங்கித் தூக்கிக்கொண்டு போனார். கனகலிங்கம் லொறியைக் கொண்டுவந்து, மூடிக்கு முன்னால் பிறேக் பிடித்து, இறங்கி நின்று வாசித்தார்.

"நான் சைவக்காரன்தான் எமில். எண்டாலும் என்ரை மூத்தவள் பிறந்தது அந்தோனியாருக்கு நேர்ந்துதான். அவரின்ரை பேரிலை ரயர் ஏத்தமாட்டன்."

"இது பேர் மட்டுந்தானே அண்ணை."

"அப்ப உன்ரை பேரை எழுதியிருக்கலாமே. சந்தோசமாய் ஏத்தியிருப்பன்."

சிரிப்பில் ஒழுங்கை அதிர்ந்தது. மாமாவின் மனைவி லூர்த்தம்மா, துறையில் மீன் ஏலம் கூறுகிறவள், சிரிக்கவில்லை. உரஞ்சி அழிக்கிறேன் என்று மாமா சொன்னபோது, அந்தோனியாரை அரத்தாளால் தேய்ப்பதா என்று கேட்டாள். சரி, மூடியைப் புரட்டிப் போடுகிறேன் என்றார். அப்போது புனிதர் சாக்கடையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார் என்றாள். பாதரிடம் போனார்கள். அந்தோனியார் கோபிக்கமாட்டார் என்று பாதர் சொல்லிவிட்டு, பின்னேரம் துறைப்பக்கம் வந்தபோது அவரும் ஓரத்தால்தான் போனார். இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஒரு கிழமையாக உலகத்திலேயே சுமை ஏறாத மூடி எங்கள் ஒழுங்கையில் கிடந்தது. அது எவ்வளவு தாங்கும் என்பதை அறிய வழியே இல்லை. ஜெரிசன் தன் வீட்டு வாசலில் நின்று, எமில் மாமா லொறியைத் தாங்க மூடி செய்யவில்லை, லொறியை மறிக்கத்தான் செய்திருக்கிறார் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான்.

தீர்வு லூர்த்தம்மாவுடையது. அழிக்கவும் கூடாது, புரட்டவும் கூடாது, மூடலாம். பெயருக்கு மேலே இன்னும் இரண்டு பாய் விரித்து, றெசினில் ஆற்று மணலைத் தூவி, வழுக்காத கரடான முதுகு ஒன்று வைத்து, மறுபடியும் நீலம் பூசினார் மாமா. "உள்ளுக்கை இருந்து தாங்கட்டும்," என்றாள் லூர்த்தம்மா. எல்லாருக்கும் அது சரியாகப்பட்டது.

பரீட்சை அன்று மாமா அவளுடைய ரொட்டி மாவில் ஒரு உருண்டையைத் திருடி, குழிக்குள் கல் அடுக்கி, மூடியின் அடிப்பக்கத்தை மாவு தொட்டும் தொடாமலும் இருக்க வைத்தார். மூடி வளைந்தால் மாவு நசுங்கும். எவ்வளவு நசுங்கியதோ அவ்வளவு வளைவு. முழு லொறியும் மூடியில் நிற்காது, ஒரு நேரத்தில் ஒரு பக்கச் சில்லுத்தான் ஏறும், ஆனால் நடுவில் பிறேக் பிடித்தால்தான் உண்மையான சோதனை என்று கனகலிங்கத்தை நடுவிலேயே நிறுத்தச் சொன்னார். ஐஸ் நிறைந்த லொறி ஏறியது. நின்றது. மூடி ஒரு முனகல் முனகியது. லொறி இறங்கியதும் மாமா மூடியைத் தூக்கி மாவை எடுத்துக் காட்டினார். மேல்தோல் மட்டும் கொஞ்சம் தட்டையாகியிருந்தது. மூடி பழையபடி நேராக இருந்தது. லூர்த்தம்மா மாவைப் பறித்துக்கொண்டு போனாள்.

ஆறு மாதம் லொறி தினமும் ஏறி இறங்கியது. வெயிலில் நீலம் வெளுத்தது, விளிம்பில் ஒரு கீறல்கூட இல்லை. எமில்ராஜ் மாமா ஒவ்வொரு காலையும் கதிரையைக் கொண்டுவந்து வாசலில் போட்டு, லொறி மூடியைக் கடப்பதை, பிள்ளை பூசையில் முதல் நன்மை அப்பம் எடுப்பதைப் பார்க்கிற தகப்பன்போலப் பார்த்தார். வள்ளம் கேட்டுத்தான் ஒருவரும் வரவில்லை.

பிறகு கார்த்திகை மழை வந்தது. மூன்று நாள் விடாத மழையில் வாய்க்கால் பொங்கி ஒழுங்கைக்கு ஏறியது. லொறியால் அசைக்க முடியாத மூடி, தண்ணீர் வயிற்றில் தட்டியதும், ஏப்பம் விட்டதுபோல ஒரு சத்தத்தோடு குழியின் விளிம்பிலிருந்து கிளம்பி, மெதுவாகத் திரும்பி, மிதக்கத் தொடங்கியது.

நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். பயப்பட வேண்டிய மனிதர் ஒரு கணம் பெருமைப்பட்டார்.

"பாத்தியே பிள்ளை. ஒரு பக்கமும் சாயேல்லை. தராசு மாதிரி நிக்குது."

"மாமா, குழி திறந்து கிடக்கு."

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. கலங்கிய தண்ணீருக்குள் குழி எங்கே என்று யாருக்கும் தெரியாது. மாமா ஓடிப்போய்க் காலால் தடவிக் குழியைக் கண்டுபிடித்து, அதற்குள் இறங்கினார். நெஞ்சளவு தண்ணீரில், ஒழுங்கையின் நட்டநடுவில் நின்றுகொண்டு, வருகிறவர்களை இந்தப் பக்கம் வராதீர்கள், அந்தப் பக்கம் போங்கள் என்று மதியம்வரை வழிகாட்டினார். மூடி செய்தவரே மூடியாக நின்றார் என்று ஊர் இன்றும் சொல்கிறது.

மூடியோ மிதந்துபோய் ஜெரிசன் வீட்டுப் படியில் முட்டியது. வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். அவன் மனைவி லவீனா யோசிக்கவில்லை. காஸ் சிலிண்டரையும் அரிசி மூட்டையையும் மூடியில் ஏற்றினாள். தொலைக்காட்சியை ஏற்றினாள். கடைசியில் மாமியாரையும் ஏற்றினாள். என் பெரியம்மா இலேசான மனுஷி அல்ல. ஜெரிசன் வள்ளக் கயிற்றைக் கட்டி, கோயில் மண்டபம்வரை இழுத்துக்கொண்டு போனான். போகிற வழியில் குழிக்குள் நிற்கிற மாமாவைக் கடக்க வேண்டியிருந்தது. ஒருவரையொருவர் பார்க்கவில்லை. சிலிண்டருக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்த பெரியம்மாதான், "தம்பி எமில், ஆட்டமே இல்லை," என்றாள்.

தண்ணீர் வற்றியதும் ஒழுங்கைக் கூட்டம் கூடி ஒரே தீர்ப்புச் சொன்னது: மூடி மிதக்கக் கூடாது. மாமா அடிப்பக்கத்தை வெட்டி மஞ்சள் நுரையைச் சுரண்டி எறிந்தார். துளைகள் போட்டார். ஒரு பக்கம் கதவுக்குப் போடுவதுபோலப் பிணைச்சலும் மறுபக்கம் திருகிப் பூட்டும் கொக்கியும் வைத்தார். சுரண்டும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"வாழ்க்கையிலை முதல் தடவையாய்த் தாழுற சாமான் ஒண்டு செய்து குடுத்திருக்கிறன், பிள்ளை."

திருத்திய மூடி அடுத்த வெள்ளத்தை அசையாமல் கடந்தது. எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் மாணவர் தங்கும் வீடுகளிலிருந்து மலக்குழி மூடிகளுக்கு ஆள் வந்தது. வட்டுக்கோட்டையிலிருந்தும் வந்தது. அவருக்குப் பட்டப்பெயரும் வந்தது: மூடி எமில். செய்து கொடுத்தார், ஆனால் கொட்டிலின் நடுவில் வள்ள அச்சு வெறுமையாகக் கிடக்க, ஓரத்தில் இருந்துதான் மூடி வார்த்தார். எனக்கும் கால் அரிக்கத் தொடங்கிவிட்டது. கிளம்பிவிட்டேன்.

வியட்நாமில் ஒரு பஸ் நிலையத்தில் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது, ஜெரிசனிடமிருந்து கைபேசிக்கு ஒரு குரல் செய்தி வந்தது. நான் ஊரைவிட்டு ஒன்றரை வருடமாகியிருந்தது. அதுவரை அவன் எனக்கு ஒரு வார்த்தை அனுப்பியதில்லை. பின்னால் கடல் சத்தம். குரலை அடக்கிப் பேசினான்.

"எடி, எங்கை நிக்கிறாய்? உந்த மூடிக்காரன் இப்பவும் பத்தொன்பது அடி வள்ளம் வார்ப்பாரோ எண்டு கேட்டுச் சொல். நுரை முந்தி மூடிக்குப் போட்டமாதிரி நிறையப் போடட்டும். அம்மாவும் சொல்லுறா. நான் கேட்டனெண்டு மட்டும் சொல்லிப்போடாதை."